கிழக்குப் பங்கு

மேசைமேல் நான்கு ஈரிழைத் துண்டுகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நான்கும் ஒரே கடையில் வாங்கியவை. நான்கு ஆண்கள் ஒருநாள் முழுக்கத் தோளில் போட்டிருந்து கழற்றிக் கொடுத்தவை. கோகிலவாணியின் கண்களைக் கட்டிவிட்டு, உதவிக்கு இருந்த பெண் ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுவந்தாள். முதல் துண்டுக்குக் கோகிலவாணி இல்லையென்று தலையசைத்தாள். இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவது வந்ததும் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள்.

"இதுதான். அவன்றது."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் டாக்டர் ஜெசிந்தா.

"கடுப்பு வருதுங்களே. அதுதான் அடையாளம்."

துண்டுகளை இடம் மாற்றி மாற்றி இருபது சுற்று வைத்தார்கள். ஒருமுறைகூட அவள் தவறவில்லை. பக்கத்து அறையில் இதே சோதனை அவள் தம்பி மகுடேசுவரனுக்கு நடந்துகொண்டிருந்தது. அங்கே நான்கும் பெண்கள் போட்டிருந்த துண்டுகள். அவனும் தவறவில்லை என்று பின்னர் டாக்டர் சொன்னார். "அக்காவோடது எதுன்னு கேட்டா, இதக் கேக்கோணுமா, நாலு மைலுக்கு அக்கட்டால இருந்தே தெரியுமேங்கறார்."

கோகிலவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது.

கோயம்புத்தூரில் இருந்த அந்த இடத்துக்கு சமரச சிகிச்சை மையம் என்று பெயர். சொத்து வழக்குகளில் வாய்தா வாங்கியே வயதாகிப்போன உடன்பிறப்புகளை நீதிமன்றங்கள் அங்கே அனுப்பத் தொடங்கி நாலைந்து வருடம் இருக்கும். கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் போகமாட்டேன் என்பவரை நீதிபதி ஒரு மாதிரி பார்ப்பார்.

அவர்கள் வழக்கு அமராவதிக் கரையோரம் இருந்த ஒரு தோட்டத்தைப் பற்றியது. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். மேற்கே கிணறும் தென்னையும் வாழையும், கிழக்கே தார் ரோட்டை ஒட்டிய மேட்டாங்காடு. அப்பா போன பிறகு மகுடேசுவரன்தான் பாடுபட்டான். கல்யாணம் கட்டித் தாராபுரம் போன கோகிலவாணி பங்கு என்ற சொல்லையே எடுக்கவில்லை. அவள் கணவன் ரகுபதி நடத்திவந்த தறிப்பட்டறை மூடியதும் எடுத்தாள்.

எடுத்த அன்றே அவள் அக்கா என்ற இடத்திலிருந்து இறங்கிவிட்டாள். "இத்தன நாளும் எனக்குக் கூடப் பொறந்தவ இருக்கறான்னு நெனச்சேன். இப்பத்தான் தெரியுது, பங்காளி இருக்கறா" என்று மகுடேசுவரன் ஊர்ச் சாவடியில் சொன்னானாம். அவனுக்கு வயது முப்பத்தி மூன்று. ஐந்து வருடமாகப் பெண் தேடியும் அமையவில்லை. தோட்டம் செய்கிறவனுக்குப் பெண் கொடுப்பதற்கே ஆள் இல்லாத சீமையில், பாதித் தோட்டக்காரனுக்கு யார் கொடுப்பார்கள்?

ஒருநாள் அவன் மோட்டார் அறையைப் பூட்டினான். அவள் கல்லை எடுத்து உடைத்தாள். அவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், உடன்பிறந்த அக்கா பூட்டைத் திருடிவிட்டதாக எழுதிக் கொடுத்தான். புகாரை வாங்கிய ஏட்டு, "தொறப்புச் சாவி யார்கிட்ட இருக்குது?" என்று கேட்டாராம். "எங்கிட்டத்தானுங்க." "அப்ப பூட்ட வெச்சுட்டு அந்தம்மா என்ன பண்ணும்?" ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. கோகிலவாணிக்கு மட்டும் இரவில் பற்களைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

சிரிக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மகள் மிதுனாவுக்கு ஐந்து வயது. ஆவணியில் காது குத்தியாக வேண்டும். பிள்ளை மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் உயிரோடு இருக்கையில் வேறொருவன் மடியில் உட்காரவைப்பது, அவன் செத்துவிட்டான் என்று ஊருக்குச் சொல்வதற்குச் சமம்.

டாக்டர் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார். மகுடேசுவரன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தான். கோகிலவாணி வளையலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்க தோட்டத்துல தவிட்டுக்குருவி இருக்கா?"

"கத்தி உசுர எடுக்கும்" என்றான் மகுடேசுவரன்.

"அதுல சிலது சொந்தமாக் கூடு கட்டாது. அக்கா கூட்டுக்கோ அண்ணன் கூட்டுக்கோ புழு கொண்டுபோய் ஊட்டும். ஏன்னு நினைக்கிறீங்க?"

"பொண்ணு கெடச்சிருக்காதுங்க."

உதவிக்கு நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரும் சிரித்துவிட்டார். "அதுவும் ஒரு காரணம்தான். ஆனா பாருங்க, கூடப் பிறந்தவகிட்ட இருக்கிறதுல பாதி நம்மகிட்டயும் இருக்கு. அவ பிள்ளைகிட்ட கால்வாசி. அதுக்கு ஊட்டினா, ஒருவகையில தனக்கே ஊட்டிக்கிற மாதிரி. நமக்கு ஆகிற நட்டம் சின்னது, அவங்களுக்குக் கிடைக்கிறது பெரிசுன்னா, அந்தக் கணக்கு கட்டுப்படி ஆகும். குருவிக்குக் கணக்குத் தெரியாது. அது மோப்பமாவோ, சத்தமாவோ, கூடவே வளர்ந்த பழக்கமாவோ உள்ளே எழுதியிருக்கு. மனுஷனுக்கும் அப்படித்தான்."

"அப்பறம் எதுக்குங்க நாங்க அடிச்சுக்கறோம்?" என்றாள் கோகிலவாணி.

"மீதிப் பாதி இருக்கே." டாக்டர் தண்ணீர் குடித்தார். "மாட்டுக்குப் பின்னாலயே போகுமே, உண்ணிக்கொக்கு, அது கூட்டுல என்ன நடக்குது தெரியுமா? இரை கம்மியானா மூத்த குஞ்சு இளசைக் கொத்தியே கொன்னுடும். தாய் பார்த்துக்கிட்டு நிக்கும். ஏன்னா ஒரே கூடு, ஒரே இரை. அடுத்த மரத்துக் கொக்கோட அதுக்கு என்ன சண்டை? உங்களுக்கு வேண்டிய அதே கிணறு, அதே மண்ணு, அதே அப்பாவோட பேரு யாருக்கு வேணும்? கூடப் பிறந்தவங்களுக்குத்தான். ஒட்டுறதும் வெட்டுறதும் ஒரே வேர். நாங்க இங்க குடுக்கிற மருந்து அந்த வேரை மரத்துப்போக வைக்கும்."

மருந்துக்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. மையத்தில் எல்லோரும் சொட்டு என்றே சொன்னார்கள். இரவு படுக்கும்முன் மூக்கில் விட்டுக்கொள்ள வேண்டும், ஒரு வாரம். அதன்பின் ரத்த உறவின் மோப்பம் மூளைக்கு எட்டாது. முகம் தெரியும், பெயர் தெரியும், சின்ன வயது ஞாபகம் எல்லாம் இருக்கும். இழுப்பு மட்டும் இருக்காது. அந்நியர்கள் இருவர் தோட்டத்தைப் பிரித்துக்கொள்ள அரைநாள் போதும்.

"திரும்ப வருமுங்களா?"

"பெரும்பாலும் ஆறு மாசத்துல வந்திடுது. சிலருக்கு வர்றதில்லை. அதை மறைக்கமாட்டேன்."

"என்ற புள்ள?" கோகிலவாணியின் குரல் ஏறியது. "புள்ள மேல இருக்கறதும் போயிருமா?"

"பெத்தவளுக்குப் பிள்ளை மேல வர்றது வேற வழி. அதை இது தொடாது."

முதன்முறையாக மகுடேசுவரன் ஜன்னலிலிருந்து திரும்பினான். "மாமனுக்கு?" என்றான்.

டாக்டர் மருந்துச் சீசாவை மேசைமேல் வைத்தார். "மாமனுக்குப் போயிடும்."

அவன் சீசாவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

அது ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்று சீமையையே பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மேட்டாங்காட்டுக் காற்றாலைக் காத்தாடிகள் இரவும் பகலும் ஊம் ஊம் என்று இரைந்தன. கதவுகள் தாமாக அடித்துக்கொண்டன. கோகிலவாணி இரவில் சொட்டு விட்டுக்கொண்டு படுப்பாள். சற்று நேரத்தில் எழுந்து மிதுனாவின் உச்சந்தலையை முகர்ந்து பார்ப்பாள். எண்ணெயும் மண்ணும் கலந்த அந்த வாசனை நெஞ்சில் இறங்கியதும் படுப்பாள். திரும்பவும் எழுவாள்.

"கொழந்தையத் தூங்க உடு" என்பான் ரகுபதி.

"இருக்குதான்னு பாத்தேன்."

"இருக்குதா?"

"இருக்குது."

வாரக் கடைசியில் மையத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். ஓட்டுநர் இல்லாத அந்த வண்டியில் முன்வரிசையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். சட்டைக் காலர் நைந்திருந்தது. கழுத்தில் வெயில்பட்ட கறுப்பு. பாவம், நல்ல வெயிலில் வேலைசெய்கிறவன் போல என்று நினைத்துக்கொண்டே அவனைத் தாண்டிப்போனாள். அடுத்த வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் அது மகுடேசுவரன் என்று பெயர் வந்தது. தெரியாதவனைப் பார்த்ததுபோல் அல்ல அது. தெரிந்தவனைப் பார்த்து ஒன்றும் ஆகாததுபோல். மூன்று வருடமாக அவனைக் கண்டால் அடிவயிற்றில் எரிந்த ஒன்று, கரண்ட் போன அடுப்புபோல அணைந்து கிடந்தது.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு, "உக்கார எடம் போதுங்களா?" என்றான்.

"போதுங்க" என்றாள் அவள்.

துண்டுச் சோதனையில் அவள் தடுமாறினாள். நான்கும் ஒரே வியர்வை. வாயில் வந்ததைச் சொன்னாள். இருபதில் ஐந்து பொருந்தியது. தம்பிக்கும் எதுவும் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார். இருவருக்கும் மருந்து பிடித்துவிட்டது. ஆடி பிறப்பதற்குள் பங்கைப் பிரித்துவிடலாம்.

அவர்கள் பக்கத்தில் பங்கு பிரிக்க ஒரு முறை உண்டு. மூத்தது பங்கு வைக்கும், இளையது முதலில் எடுக்கும். எது தனக்கு வரும் என்று தெரியாததால் மூத்தது நேர்மையாகத்தான் வைத்தாக வேண்டும். எந்த வக்கீலும் இதைவிட நல்ல ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததில்லை. ஆனால் கோபத்தில் இருக்கும் மூத்தவள் பங்கு வைக்கவே வரமாட்டாள். கோகிலவாணியும் மூன்று வருடமாக வரவில்லை. இப்போது வந்தாள்.

சர்வேயர் சங்கிலியைப் பிடிக்க, பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து அண்ணன் சாட்சிக்கு நிற்க, அவள் தோட்டத்தை ஒரு சுற்று வந்தாள். மனம் நீர் தெளிந்த தொட்டி மாதிரி இருந்தது. மேற்குப் பங்கு: கிணறு, தென்னை, வாழை. நிலம் கொஞ்சம் குறைவு. கிழக்குப் பங்கு: ரோட்டோரம், நிலம் அதிகம், அப்பா போட்ட ஆழ்துளைக் கிணறு. போர் இருக்கிறதென்பதால்தான் தட்டு சமமாக நின்றது. எல்லைக்கு நான்கு கல்லைப் போட்டுவிட்டு, "எடுத்துக்கங்க" என்றாள்.

மகுடேசுவரன் போர்க்குழாயின் பக்கத்தில் நின்றிருந்தான். அதன் மூடியைக் காலால் தட்டினான். நாச்சிமுத்து அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு நிறுத்திவிட்டார்.

"கெழக்கு எனக்கு இருக்கட்டுங்க" என்றான் மகுடேசுவரன்.

"சரிங்க."

"உங்களுக்குத் திருப்திதானுங்களே?"

"திருப்திங்க. ரொம்ப நன்றி."

ஜவுளிக்கடையில் மீதிச் சில்லறை வாங்கிக்கொண்டு நகர்வதுபோல அவள் நகர்ந்தாள். காற்றில் அவன் துண்டு பறந்துபோய் வரப்பில் விழுந்தது. அவன் எடுக்கப் போகாமல் நின்றுகொண்டே இருந்தான்.

ஆவணியில் காது குத்து. மாமன் சீர் வந்தது. பட்டுப்பாவாடை, பழத்தட்டு, வெற்றிலை, தங்கத் தோடு. மகுடேசுவரன் தலையில் உருமால் கட்டி மணையில் உட்கார்ந்து மிதுனாவை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி கம்பியைக் கையில் எடுத்ததும் பிள்ளை வீரிட்டது. "மாமா! மாமா!" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நெஞ்சில் முகத்தைப் புதைத்தது. அவன் ஒரு கையால் அதன் கண்ணைப் பொத்தினான். கம்பி இறங்கியபோது அவன் உதடு கோணியது. இரண்டாவது காதுக்கும் கோணியது.

கோகிலவாணி பிள்ளையின் அலறலுக்குத் துடித்தாள். பிள்ளையைப் பிடித்திருந்த கைகள் அவளுக்கு யாரோ ஒருவருடைய கைகள். நல்ல மனிதர், நேரத்துக்கு வந்தார், முறையைக் குறைவில்லாமல் செய்தார் என்று பட்டது. சமையல்காரரைப் பற்றியும் அன்று அவள் அப்படித்தான் நினைத்தாள்.

"அக்காளுந் தம்பியும் ஒண்ணாயிட்டீங்க, கண்ணுக்கு நெறவா இருக்குது" என்றாள் ஒரு அத்தை.

"ஆமாங்க" என்றாள் கோகிலவாணி.

அன்றிரவு விருந்தினர் போன பிறகு அவளுக்கு உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரங்களைத் திரும்பக் கழுவினாள். எங்கோ எதையோ வைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. என்னவென்று தெரிந்தாலாவது தேடலாம். மூன்று வருடம் தம்பியைத் திட்டிக்கொண்டே தூங்கியவள் அவள். இப்போது திட்ட ஆள் இல்லை, தூக்கமும் இல்லை. நினைவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அமராவதியில் வெள்ளம் வந்தபோது அவனை முதுகில் சுமந்தது. அவளைக் கல்லூரி விடுதியில் சேர்க்கப் போன அன்று கார் டிக்கிக்குள் ஏறி ஒளிந்துகொண்டு அவன் கூடவே வரப் பார்த்தது. எல்லாம் இருந்தன. பக்கத்து வீட்டுக் கல்யாண வீடியோ மாதிரி இருந்தன.

தை மாதம். காற்று நின்று காத்தாடிகள் அசையாமல் நின்றன. அவள் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது, ரோட்டில் ஒரு டேங்கர் லாரி வந்து கிழக்குப் பங்கின் முன்னால் நின்றது. மகுடேசுவரன் குழாயை இழுத்துப் போய் முருங்கைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டான்.

"போர் ரிப்பேருங்களா?" என்று வேலிக்கு அப்பால் இருந்த நாச்சிமுத்து அண்ணனைக் கேட்டாள்.

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "ஏம்புள்ள, உனக்குத் தெரியாதா? அது போன சித்திரையிலயே வத்திப்போச்சே. கம்பி உட்டுப் பாத்தா வெறும் புழுதிதான் வருது."

"நான் அதையச் சேத்தித்தானே பங்கு வெச்சேன்!"

"தெரியும். அன்னிக்கே சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். மகுடு கண்ணக் காட்டுனான். அண்ணந்தம்பி, அக்கா தம்பின்னு பேச்சு வார்த்த இருந்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும். மூணு வருசமா மூஞ்சியத் திருப்பிட்டுத் திரிஞ்சா, பூமிக்கடியில தண்ணி இருக்குதா இல்லையான்னு எப்புடித் தெரியும்?"

இளையவன், முதலில் எடுக்கும் உரிமை உள்ளவன், வற்றிய பக்கம் என்று தெரிந்தே எடுத்திருக்கிறான். அந்நியன் ஒருவன் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? அவளுக்குப் புரியவில்லை. விவரம் கெட்ட மனிதர் என்று நினைத்தாள். ஆனால் அந்த நினைப்பு செருப்பில் மாட்டிய கல்போல நாள் முழுக்க உறுத்தியது.

அதே வாரம் ஆறு மாதச் சோதனை. துண்டுகள் வந்தன. ஒன்றையும் அவளால் பிரித்தறிய முடியவில்லை. டாக்டர் ஜெசிந்தா கண்கட்டை அவிழ்த்துவிட்டு, உதவிப் பெண்ணை வெளியே அனுப்பினார்.

"இன்னும் வரலை. மன்னிச்சுக்கங்க. இனி வருமான்னும் எனக்குத் தெரியலை."

"அவருக்கு?"

"உங்க தம்பி வரமாட்டேன்னுட்டார். அவருக்குச் சோதனையும் தேவையில்லை." டாக்டர் துண்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். "இதை நான் உங்ககிட்டச் சொல்லக் கூடாது. ஆனா சொல்லாம எனக்குத் தூக்கம் வரலை. நாலு துண்டு, இருபது சுற்று. மோப்பமே இல்லாதவன் குருட்டாம்போக்குல சொன்னாலும் நாலஞ்சு சரியா வரும். உங்களுக்கு அன்னைக்கு அஞ்சு வந்துச்சு. உங்க தம்பிக்கு எத்தனை தெரியுமா? ஒண்ணுகூட இல்லை."

"ரொம்பத் தெரியாமப் போச்சுங்களா?"

"இல்லைம்மா. தெரியாதவனால இருபதுலயும் தப்ப முடியாது. எங்கயாச்சும் ஒரு தடவை வாய் தவறிச் சரியான துண்டைச் சொல்லிடுவான். ஒவ்வொரு சுற்றுலயும் அதை மட்டும் விலக்கணும்னா, அது எதுன்னு தெரிஞ்சிருக்கணும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பிருந்தா மருந்து வேலை செஞ்சதுன்னு அன்னைக்கு எழுதிட்டேன். எல்லாருடைய எண்ணையும் வரிசையா வெச்சுப் பார்த்தப்பத்தான் உறைச்சது. அவர் சொட்டு போடவே இல்லை."

கோகிலவாணி பஸ்ஸில் உட்கார்ந்தாள், எழுந்தாள், இடம் மாறி உட்கார்ந்தாள். அழ வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சினிமாவில் அழுகிறவர்களைப் பார்த்து, இந்த இடத்தில் அழுவார்கள் என்று தெரிவதுபோல. பஸ்ஸில் அன்று அவன் தன்னை நெடுநேரம் பார்த்தது ஞாபகம் வந்தது. போதுங்க என்று தான் சொன்னதும். நன்றி என்று சொன்னதும். ஆறு மாதமாக அவன் மட்டும் தன் பக்கத்திலிருந்து அவளை அக்காவாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ஊர் வந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தோட்டத்துக்குப் போய் மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் வாய்க்காலில் ஓடி வாழைக்குத் திரும்பும் இடத்தில் நின்றாள். புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து கையாலேயே மண்ணை வாரி அந்த மடையை அடைத்தாள். எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில், அப்பா காலத்தில் கிழக்கே தண்ணீர் போன பழைய மடை தூர்ந்து கிடந்தது. அதைக் காலால் உடைத்துவிட்டாள். தண்ணீர் ஒரு நிமிடம் யோசித்து நின்று, பிறகு கிழக்கே நுழைந்தது.

இதை ஏன் செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே எதுவும் தள்ளவில்லை. டாக்டர் சொன்ன கணக்கில் பாதியும் இல்லை, கால்வாசியும் இல்லை.

தண்ணீர்ச் சத்தம் கேட்டு மகுடேசுவரன் முருங்கைக்குள்ளிருந்து வந்தான். கடித்துக்கொண்டிருந்த குச்சியை வாயிலிருந்து எடுத்தான்.

"ஏனுங்க, மடை ஒடஞ்சுபோச்சாட்ட இருக்குது. தண்ணி இக்கட்டால வருது பாருங்க."

"ஒடையல. நான்தான் தெறந்து உட்டேன்."

"எதுக்குங்க?"

அவள் கையில் ஒட்டிய சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஓர் அடி முன்னால் வந்தான்.

"டெஸ்ட்டுக்குப் போறதாச் சொன்னாங்க. மோப்பம்... வந்துருச்சுங்களா?"

அவன் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் குச்சி வாய்க்கு எட்டாமல் பாதியில் நின்றது. இருபது சுற்று, ஒவ்வொன்றிலும் சரியான துண்டைச் சொல்லிவிடாமல் காத்த வாய்.

"வந்துருச்சு மகுடு" என்றாள் கோகிலவாணி.

அவன் குச்சியைக் கீழே போட்டான். வரப்பில் உட்கார்ந்தான். எழுந்தான். மேற்கே திரும்பி மூக்கை உறிஞ்சினான்.

"உனக்கு?" என்றாள்.

"எனக்குப் போயிருந்தாத்தானே வாறதுக்கு." அவன் வரப்பிலிருந்து ஒரு மண்கட்டியை எடுத்து உதிர்த்தான். "அன்னிக்குப் பொழுதோட பாட்டிலத் தெறந்தேன். பாப்பாளுக்குக் காது குத்தோணுமே, மூக்கில்லாம மாமன்னு எப்புடி உக்கார்றதுன்னு தோணுச்சு. மாட்டுக் கொட்டாய்ல ஊத்திட்டேன். நீயாவது போட்டிருக்கமாட்டீன்னு நெனச்சேன். பஸ்ஸுல என்னயத் தாண்டிப் போன பாரு... அன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. நானும் போட்டுட்டதா நடிச்சாத்தான் நீ பங்கு வெக்க வருவேன்னு டெஸ்ட்டுல தப்புத்தப்பாச் சொன்னேன்."

"போர் வத்துனது தெரிஞ்சும் எதுக்கு அதைய எடுத்தே?"

"பொண்ணே கெடைக்காதவனுக்குக் கெணறு எதுக்கு? உனக்குப் புள்ள இருக்குது." அவன் முகத்தைத் துண்டால் அழுந்தத் துடைத்தான். துடைத்து முடித்ததும் கண் வாய்க்காலில் விழுந்தது. உடனே குரல் மாறியது. "அட, இந்தக் கண்றாவியப் பாரு! மடையக் கையிலயா அடைப்பாங்க? அக்கட்ட வாழைக்குப் பாதித் தண்ணி ஒழுகுது. முருங்கைக்கு இத்தன தண்ணி உட்டா வேர் அழுகிப்போயிரும். உனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. பூட்ட உடைக்க மட்டும் நல்லாத் தெரியும்!"

கோகிலவாணி காத்திருந்தாள். அடிவயிற்றில் அந்தப் பழைய கடுப்பு கிளம்புமா என்று கவனமாகப் பார்த்தாள். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"வாய மூடீட்டு மம்பட்டிய எடு" என்றாள்.

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுக்கப் போனான்.